விசில் சத்தம் கேட்டால் என்ன செய்வது? எங்கள் ஊர்க் காவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் சாலையை விட்டுக் கீழே இறங்கினால் வரும் சின்ன ஊர் எங்களுடையது. மேல் வரிசை, கீழ் வரிசை என்று 64 வீடுகள். அவற்றில் 11 வீடுகள் வருடத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும். சுற்றிலும் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக், பள்ளத்தில் சோலை. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரே மாதத்தில் இரண்டு கேஸ் சிலிண்டர், ஒரு தண்ணீர் மோட்டார், ஒரு பூட்டிய வீட்டின் பித்தளைப் பாத்திரங்கள் அத்தனையும் காணாமல் போயின. அதன் பிறகுதான் காவல் குழு என்று ஒன்றை ஆரம்பித்தோம். குழுவின் நோட்டுப் புத்தகம் என்னிடம் இருப்பதால் கேள்விகளும் என்னிடமே வருகின்றன. டீக்கடையில் நின்று பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

குழுவில் சேர்ந்தால் இரவு ரோந்து வர வேண்டுமா? எனக்கு முழங்கால் வலி.

வர வேண்டாம். முழங்கால் நன்றாக இருப்பவர்களும் வர வேண்டாம்.

ஆரம்பத்தில் நாங்களும் ரோந்துதான் போனோம். நான்கு பேர், ஆளுக்கொரு டார்ச், ஒரு கம்பு, குரங்குக் குல்லா. பத்தாவது இரவு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பனிமூட்டம் இறங்கியிருந்தது. டார்ச் வெளிச்சம் நாலடி போய், வெள்ளைச் சுவரில் பட்டதுபோல் எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. முதலில் வந்தது வாசம்: நனைந்த மாட்டுத் தொழுவத்தின் வாசம். முன்னால் போனவர் வழுக்காமல் இருக்கப் பாறை என்று நினைத்துக் கையை ஊன்றப் போன இடத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. பாறை நகர்ந்தது. தனியாகத் திரியும் ஆண் காட்டுமாடு, தோள் உயரம் எங்கள் தலைக்குச் சமம். அது எங்களை ஏன் விட்டுவிட்டது என்று இன்றுவரை தெரியவில்லை. கம்பு எங்கே விழுந்தது என்று மறுநாள் பகலில்தான் பார்த்தோம்.

சமவெளி ஊர்களில் இரவுக் காவல் என்றால் தெருவில் நடப்பது. மலையில் இருட்டிய பிறகு தெரு நம்முடையதல்ல. ஆகவே எங்கள் காவல் முழுவதும் வீட்டுக்குள் இருந்தபடியே நடக்கிறது.

அப்படியானால் குழு என்னதான் செய்கிறது?

அக்கம்பக்கத்தைத் தெரிந்துவைத்திருக்கிறது. ஆறு வீட்டுக்கு ஒரு கண்ணி என்று பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒருவர் பொறுப்பு. நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம்: யார் யார் இருக்கிறார்கள், சாவி ஒன்று யாரிடம் இருக்கிறது, பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருந்தால் அவர்கள் தொலைபேசி எண், சர்க்கரை, இதயநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் உண்டா, நாய் உண்டா. பணம், நகை பற்றி ஒரு வரி எழுதமாட்டோம். நோட்டைப் படம் பிடிக்கவும் யாருக்கும் அனுமதி இல்லை.

தனியாக இருக்கும் முதியவர்களுக்குத் திரைச்சீலை விதி ஒன்று வைத்திருக்கிறோம். காலை ஏழு மணிக்குள் வாசல் பக்கத்து ஜன்னல் திரையை விலக்கிவிட வேண்டும். விலகாவிட்டால் எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். கீழ் வரிசைக் கடைசி வீட்டுப் பாட்டி இந்த விதியைக் கேட்டுச் சிரித்தார், "நான் என்ன சினிமாக் கொட்டகையா, திரை தூக்க?" என்றார். சென்ற ஜனவரியில் ஒரு நாள் ஏழேகால் ஆகியும் திரை விலகவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, விடியற்காலை நாலு மணியிலிருந்து ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். அந்தக் குளிரில் இன்னும் இரண்டு மணி நேரம் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. திருடனைப் பிடித்ததாக எங்கள் நோட்டில் இதுவரை ஒரு வரியும் இல்லை. இந்த மாதிரிக் குறிப்புகள் ஏழு இருக்கின்றன.

முன்பின் தெரியாத ஆள் ஊருக்குள் சுற்றினால் நிறுத்தி விசாரிக்கலாமா?

"யாரைப் பார்க்க வேண்டும், வழி சொல்லட்டுமா?" என்று கேட்கலாம். கெட்ட எண்ணத்தோடு வந்தவனுக்கு, தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்பதே போதும். வழி தெரியாமல் வந்தவருக்கு அது உதவி. அதற்கு மேல் பையைத் திறக்கச் சொல்வது, ஆதார் அட்டையைக் கேட்பது, உட்காரவைப்பது எதுவும் நம் வேலை இல்லை.

இதை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். குழு ஆரம்பித்த இரண்டாவது மாதம், மழையில் நனைந்தபடி வீடு வீடாக எட்டிப் பார்த்த ஓர் இளைஞனைப் பஸ் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தோம். அவனுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி தெரியாது. நானும் அங்கே நின்றேன். நானும் குரல் உயர்த்தினேன். கடைசியில் அவன் ஜார்க்கண்டிலிருந்து வந்தவன், பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் இருக்கும் அண்ணனைத் தேடி வந்தவன் என்று தெரிந்தது. கையில் வைத்திருந்த காகிதத்தில் முகவரி நனைந்து அழிந்திருந்தது. சந்தேகப்பட்டு அந்தக் காகிதத்தைப் பிடுங்கி மழையில் விரித்துப் பார்த்ததே நாங்கள்தான்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடப் போன வயதான பெண் ஒருவரைக் குழந்தை கடத்த வந்தவர் என்ற வதந்தியை நம்பிக் கூட்டம் அடித்தே கொன்றது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களும் தங்கள் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

சட்டமும் குறுகலான வழியைத்தான் விட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவுப்படி, பொதுமக்களில் ஒருவர் இன்னொருவரைப் பிடித்துவைக்கலாம். ஆனால் பிடிபடுகிறவர், பிடிப்பவரின் கண் முன்னாலேயே ஜாமீனில் விட முடியாத கடும் குற்றத்தைச் செய்திருக்க வேண்டும், அல்லது தேடப்படுகிறவர் என்று நீதிமன்றம் அறிவித்த குற்றவாளியாக இருக்க வேண்டும். பிடித்தால் தாமதம் இல்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகத்துக்கு இதில் இடமே இல்லை.

நாம் போலீஸுக்கு உதவும் குழுதானே? அடையாள அட்டை, தொப்பி கிடைக்குமா?

கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய 'போலீஸ் நண்பர்கள்' அமைப்பை, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த சம்பவத்துக்குப் பிறகு 2020 ஜூலையில் தமிழக அரசு தடை செய்தது. அதிகாரம் இல்லாதவர் அதிகாரத்தின் நிழலில் நிற்பதில் உள்ள ஆபத்து அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. நாங்கள் வெறும் அக்கம்பக்கத்தார். ஸ்டேஷனில் எங்கள் பகுதிக்கான பீட் போலீஸ்காரரின் எண் நோட்டில் இருக்கிறது, அவ்வளவுதான் தொடர்பு.

சந்தேகப்படும் ஆளின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

கூடாது. வண்டி எண், நேரம், எந்தப் பக்கம் போனது என்று எழுதுங்கள். முகம் வேண்டாம். ஒருமுறை போன படம் கூடலூர் வரை போய், "கடத்தல்காரன்" என்ற தலைப்போடு நமக்கே திரும்பி வரும்.

அவசரத்துக்கு எந்த எண்ணை அழைப்பது?

ஒன்றே ஒன்றை மனப்பாடம் செய்வதானால் 112. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அது பொது. ஆம்புலன்ஸுக்கு நேரடியாக 108, போலீஸுக்கு 100, தீயணைப்புக்கு 101. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. மண்சரிவு, மரம் விழுதல் போன்றவற்றுக்கு மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. வனச்சரக அலுவலக எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதிவையுங்கள். செல்போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் போன இரவில் பயன்படாது.

எண்ணைவிட முக்கியம், பேசும் முறை. அழைப்பை எடுப்பவர் எங்கோ தொலைவில் இருப்பார். "சின்னப் பாலத்துக்குக் கீழே" என்றால் அவருக்கு என்ன புரியும்? முதலில் நீலகிரி மாவட்டம், பிறகு வட்டம், பிறகு ஊர், பிறகு எல்லோருக்கும் தெரிந்த அடையாளம்: ஃபேக்டரி, பள்ளிக்கூடம், தேவாலயம். ஆம்புலன்ஸ் எந்த வளைவு வரை இறங்க முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வளைவில் ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும்.

கீழ் வரிசையில் சிக்னல் இல்லை என்பது தெரிந்ததே. அதற்குத்தான் விசில். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேமரா வைத்தால் போதாதா?

பகலில் நல்லது. இரவில், பனிமூட்டத்தில், கேமராவின் அகச்சிவப்பு ஒளி மூட்டத்தில் பட்டுத் திரும்புவதால் திரை முழுக்க வெள்ளை. மூட்டம் இல்லாத இரவுகளில் லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டி, சிலந்தியே யானை அளவுக்குத் தெரியும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் அதுவும் இல்லை. மேல் வரிசையில் ஒருவர் நல்ல விலை கொடுத்து நான்கு வைத்தார். ஒரு வருடத்தில் அவற்றில் பதிவான ஒரே திருட்டு, அவர் வீட்டுக் கொய்யாவைக் குரங்கு பறித்தது. வாங்குவதானால், அசைவு தெரிந்தால் எரியும் விளக்கை முதலில் வாங்குங்கள். கேமரா உங்கள் வாசலைப் பார்க்கட்டும், பக்கத்து வீட்டுக் கொல்லையைப் பார்க்க வேண்டாம்.

வெளியூர் போகும்போது என்ன செய்துவிட்டுப் போவது?

கண்ணிப் பொறுப்பாளரிடமும் ஸ்டேஷனிலும் தேதியைச் சொல்லுங்கள். பூட்டிய வீடுகளைப் பீட் போலீஸ்காரர் இரவு ரோந்தில் பார்த்துச் செல்லும் வழக்கம் தமிழகத்தில் இருக்கிறது, சொன்னால்தானே பார்ப்பார். பால், பேப்பரை நிறுத்துங்கள். வாசல் விளக்கைப் பகலும் இரவும் எரியவிடாதீர்கள். பகலில் எரியும் விளக்கு "ஆள் இல்லை" என்று பலகை மாட்டியதற்குச் சமம். சிலிண்டரையும் மோட்டாரையும் வெளியே வைக்காதீர்கள். பூண்டு விலை ஏறும் மாதங்களில் உலர்த்திய பூண்டையும் தாழ்வாரத்தில் தொங்கவிடாதீர்கள். "குடும்பத்தோடு திருச்செந்தூரில்" என்று படம் போடுவதைத் திரும்பி வந்த பிறகு செய்தால் முருகன் கோபிக்கமாட்டார்.

எங்கள் வீடு அங்கே, நாங்கள் சென்னையில். எங்களுக்கும் இந்தக் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. உங்கள் வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார், யாருக்கு வாடகைக்கு விடுகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியாவிட்டால், உள்ளே விளக்கெரிந்தால் விருந்தினரா திருடனா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? விருந்தினர் வரும் தேதியைப் பொறுப்பாளருக்கு ஒரு வரி அனுப்புங்கள். அவர்களிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: இருட்டிய பிறகு தேயிலைக்குள் படம் எடுக்க இறங்கக் கூடாது, மிச்சச் சாப்பாட்டை வெளியே வைக்கக் கூடாது, அறைக்குள் கரி மூட்டக் கூடாது.

கரி மூட்டினால் என்ன? குளிருக்குக் காலங்காலமாகச் செய்வதுதானே?

காலங்காலமாகச் செய்த வீடுகளில் ஓட்டுக்கூரையும் இடுக்குகளும் இருந்தன, புகை போனது. இப்போது கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல், கதவுக்கு அடியில் குளிர் வராமல் துணி வேறு. மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூங்குகிறவர் தலைவலியைக்கூட உணராமல் அப்படியே போய்விடுவார். இந்த மலையில் இப்படிப் போனவர்கள் உண்டு. டிசம்பர், ஜனவரி உறைபனியில் சமவெளியிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்கள் சிமெண்ட் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொண்டு படுப்பதைப் பார்த்தால், தயவுசெய்து கதவைத் தட்டிச் சொல்லுங்கள். கணப்பை வெளியே வைத்துக் காய்ந்துவிட்டு, அணைத்துவிட்டு உள்ளே போகட்டும். ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலாகக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. எங்கள் குழு பழைய கம்பளிகளைச் சேர்த்துவைத்திருக்கிறது.

சிறுத்தை வருகிறதா என்று எப்படித் தெரியும்?

நாய்களைக் கேளுங்கள். மனிதனைக் கண்டால் நாய் விடாமல் குரைக்கும். காட்டுமாட்டைக் கண்டால் தள்ளி நின்று விட்டுவிட்டுக் குரைக்கும். சிறுத்தை வந்தால் பெரும்பாலும் சத்தமே இருக்காது. எங்கள் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். ஊரே திடீரென்று அமைதியான இரவில் கதவைத் திறக்காதீர்கள். நாயை வெளியே கட்டிப்போடாதீர்கள். கட்டிய நாய் சிறுத்தைக்குப் பரிமாறிய இலை.

குழந்தைகள் விஷயத்தில் இரவு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் பந்தலூர் பகுதியில் அங்கன்வாடியிலிருந்து தாயோடு திரும்பிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளியின் 3 வயதுக் குழந்தையைச் சிறுத்தை தாக்கிக் கொன்றது. அதன் பிறகு எங்கள் ஊரில் தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் சின்னக் குழந்தைகளை முன்னாலோ பின்னாலோ ஓடவிடுவதில்லை. கையைப் பிடித்தோ தூக்கிக்கொண்டோதான். பாதையின் இருபுறமும் புதரை வெட்ட, மாதத்தில் ஒரு ஞாயிறு ஒதுக்கியிருக்கிறோம். அந்த ஞாயிறு மட்டும் பாதி ஊருக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

கரடி?

எண்ணெய்க்கு வரும். கோயில் விளக்கெண்ணெய், சத்துணவுக் கூடத்து எண்ணெய் டின், பேக்கரியின் பின்கதவு: இவைதான் கரடியின் வழித்தடம். மாலைப் பூஜை முடிந்ததும் விளக்கில் மிச்சமுள்ள எண்ணெயை எடுத்துவிடும்படி பூசாரியிடம் பேசிச் சம்மதம் வாங்கினோம். பலாப்பழத்தை மரத்தில் பழுக்கவிடாதீர்கள். விடியற்காலை பால் ஊற்றப் போகிறவர்கள் பேசிக்கொண்டே போங்கள், பாட்டுப் பாடினாலும் சரி. கரடி பெரும்பாலும் திடுக்கிட்டால்தான் பாயும்.

காட்டுமாட்டுக்கு ஹார்ன் அடிக்காதீர்கள், விளக்கை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே நுழையாதீர்கள். செல்ஃபி எடுப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வருகிறது. வேலிக் கம்பியில் மின்சாரம் விடலாமா?

கூடாது. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவது குற்றம். அதில் வனவிலங்கு செத்தால் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வழக்கு வரும். கொழுந்து பறிக்க வந்த பெண் செத்தால் என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை. சுருக்குக் கம்பியும் அப்படியே. பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டிக்கொண்டு உயிரோடு துடிக்கும்போது பக்கத்தில் போக யார் தயார்? சுருக்கைப் பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் எப்போது வீட்டை விட்டு வெளியேறுவது?

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். ஆகவே தண்ணீர் வீட்டுக்குள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இங்கே வெள்ளம் அல்ல, பின்பக்கத்து மண்மேடுதான் எமன். பார்க்க வேண்டியவை: தரையிலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு, நேற்றுவரை மூடிய கதவு இன்று சட்டத்தில் சிக்குவது, மரமோ மின்கம்பமோ சாய்வது, தெளிவாக வந்த ஊற்று சேறாக வருவது அல்லது ஓடை திடீரென்று வற்றுவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள், 1077-க்குச் சொல்லுங்கள். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோதனை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் மண்மேட்டை ஒட்டிய ஒன்பது வீட்டுக்காரர்கள் பத்திரங்களையும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவைக்கிறார்கள்.

தீ?

உறைபனியில் கருகிய புல் ஜனவரியிலிருந்து பற்றத் தயாராக இருக்கும். 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பல நாள் எரிந்த காட்டுத் தீக்கு விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் கொட்ட வேண்டியிருந்தது. சருகு, குப்பை எதையும் அந்த மாதங்களில் கொளுத்தாதீர்கள்.

வடமாநிலத் தொழிலாளர்களையும் குழுவில் சேர்க்க வேண்டுமா?

சேர்த்தாயிற்று. மழையில் நாங்கள் நிறுத்திவைத்த அந்த இளைஞனின் அண்ணன்தான் இப்போது லைன் வீடுகளுக்குப் பொறுப்பாளர். இந்தியில் ஒரு பக்கத்துக்கு எண்களும் விசில் விதியும் எழுதிக் கொடுத்தவரும் அவரே. ஊரில் மற்ற எல்லோரும் தூங்கிய பிறகும் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து நடந்து வருகிறவர்கள் அவர்கள். எங்கே விளக்கு எரியவில்லை, எந்தத் திருப்பத்தில் மாடு நிற்கிறது என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

குழந்தைக்கு யாரோ தொல்லை கொடுப்பதாகத் தெரிந்தால் குழுவில் சொல்லலாமா?

குழுவில் வேண்டாம். 1098-க்கோ போலீஸுக்கோ நேராகச் சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். ஊர்ப் பஞ்சாயத்து பேசி முடிக்கும் விஷயம் அல்ல இது.

போனில் மிரட்டிப் பணம் கேட்கிறார்கள்.

போலீஸ் என்று சொல்லி, உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருக்கிறோம் என்பார்கள். அப்படிச் சட்டத்தில் ஒன்று இல்லை. போனை வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மணிக்கணக்கில் யோசித்தால் பணம் கைமாறிவிடும்.

சந்தா எவ்வளவு? விசில் எங்கே கிடைக்கும்?

சந்தா கிடையாது. பணம் வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் சண்டை வரும். முன்பு இருந்த ஒரு சங்கம் அப்படித்தான் போனது. விசில் மட்டும் வீட்டுக்கு ஒன்று சொந்தச் செலவில். விளையாட்டுச் சாமான் கடையில், உள்ளே உருளை இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். உருளை ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது.

ஒரு நீள ஊதல்: விலங்கு, யாரும் வெளியே வராதீர்கள். மூன்று சின்ன ஊதல்: மனிதருக்கு ஆபத்து, எல்லா வீட்டிலும் வாசல் விளக்கைப் போடுங்கள், சிக்னல் உள்ளவர் 112-ஐ அழையுங்கள். விடாமல் ஊதினால்: மண்சரிவு அல்லது தீ, பள்ளிக்கூடத்துக்கு நடங்கள். கேட்டவர்கள் அதே மாதிரி ஒருமுறை திருப்பி ஊத வேண்டும்; அப்போதுதான் ஊதியவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒத்திகை. பிள்ளைகள் மற்ற நாளில் ஊதினால் விசிலை வாங்கி ஒரு வாரம் நோட்டோடு சேர்த்து என் பெட்டியில் பூட்டிவைப்பேன். இப்போதைக்கு மூன்று இருக்கின்றன.